ஐந்நூறு யூனிட் தாத்தா

மார்ச் முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஏழு ஐம்பதுக்கு உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு திண்ணையில் ஒரு பெரியவர் செல்போனைத் தொடையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கேள்வித்தாள் வரப்போகிற நேரத்து மாணவனைப் போல உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் பெயர், வயது, யாருக்கு மேல் படுக்கை, யாருக்குக் கீழ்ப் படுக்கை. அந்த நேரத்தில் பால்காரர் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. மனைவி காப்பியை நீட்டினால் முறைப்பார். எட்டு மணிக்கு மே மாதத்து ரயிலுக்கு முன்பதிவு திறக்கிறது. பயணம் செய்யப்போவது அவரல்ல. அவர் கோடை விடுமுறைத் தாத்தா.

என் எதிர்வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். சொன்னால் மற்றத் தெருக்களில் இருக்கிற தாத்தாக்கள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்வார்கள். ஊர் திருநெல்வேலி டவுன். கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், கணக்கு இன்னும் சர்வீசில் இருக்கிறது. இரண்டு பெண்கள், ஒரு பையன், மூன்று குடும்பமும் சென்னையில். பேரப்பிள்ளைகள் ஏழு. ஆக, வருகிறவர்கள் பதின்மூன்று பேர்.

"பதிமூணு ஆளு, பன்னெண்டு டிக்கெட்டு" என்பார் என்னிடம், ஏதோ அரசாங்கத்தை ஏமாற்றிய குஷியில். கடைக்குட்டிப் பேத்திக்கு ஐந்து வயது முடிவது ஜூன் மாதம். அதுவரை ரயிலில் அவளுக்கு டிக்கெட் தேவையில்லை. "நேரம் பாத்துப் பொறந்த பிள்ள" என்று அந்தக் குழந்தையின் மேல் அவருக்குத் தனி மரியாதை. ஒரு சீட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது என்பதால் ஆறும் ஆறுமாக இரண்டு பிஎன்ஆர். மருமகன்களை எந்த ஆறில் போடுவது, மருமகளை எந்த ஆறில் போடுவது என்பதில் நுட்பமான அரசியல் உண்டு. அதை நான் எழுதினால் பிறகு எதிர்வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் பதிவு செய்யலாம். பொங்கல் பானை அடுப்பேறும் முன்பே அவருக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிடும். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பொதுமக்களுக்கு அது ஒரு செய்தி. அவருக்கோ வருஷத்தில் இரண்டு மாத உத்தியோகம் போனதற்குச் சமம். 2023 செப்டம்பரில் பகல்நேர வந்தே பாரத் வந்தபோது மூத்த மருமகன் அதில் வருவதாகச் சொல்லிப் பார்த்தார். பெரியவர் ஒரே வார்த்தையில் நிராகரித்தார்: "அது வேகமா வரும் மாப்பிள்ளை, ஆனா விடியக்காலம் வராதுல்லா?" வண்டி என்றால் விடியற்காலையில் வரவேண்டும். அதற்கு நாலரை மணிக்கே எழுந்து, குளித்து, திருநீறு பூசி, பொழுது விடியும் முன்பே ஜங்ஷன் பிளாட்பாரத்தில் போய் நிற்கவேண்டும். ரயில் எங்கே வருகிறது என்று செல்போனில் பார்த்துக்கொண்டே இருப்பார். கோவில்பட்டி தாண்டியதும் பிளாட்பாரத்தில் முன்னும் பின்னுமாக நடக்கத் தொடங்குவார். அவர் நடந்தால்தான் வண்டி வரும்.

வருகிறார்கள். தெருவே விழித்துக்கொள்கிறது. பெட்டிகளுக்கும் முன்னால் உள்ளே நுழைவது செல்போன் சார்ஜர்கள். பத்து நிமிஷத்தில் அந்த வீட்டில் காலியான பிளக் பாயிண்டே கிடையாது. அப்போது பெரியவர் எங்கே இருப்பார்? கூடத்தில் பேரனைக் கொஞ்சிக்கொண்டு இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள். வாசல் மீட்டர் பெட்டிக்கு முன்னால் டார்ச் லைட்டும் நோட்டுப் புத்தகமுமாக நிற்பார். கொஞ்சுவது கணக்குத் தொடங்கிய பிறகுதான்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500 வரைக்கும் பொறுக்கக்கூடிய கணக்கு. 501 ஆகிவிட்டால் 101-லிருந்து 200 வரைக்கும் கிடைத்த பாதி விலைச் சலுகையும் பறிபோய்விடும். அதாவது, மே மாதம் எட்டாந்தேதி பேரன் போடுகிற ஒரு ஸ்விட்ச், ஏப்ரலில் தாத்தா சிக்கனமாக எரித்த யூனிட்டுக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடும். கருவூலத்தில் முப்பது வருஷம் இருந்த மனிதனால் இதைத் தாங்க முடியுமா? அதனால் ஏப்ரல் முழுதும் அவரும் ஆச்சியும் பனைவிசிறியும் முன்வாசல் காற்றுமாகவே காலம் தள்ளுகிறார்கள். கத்திரி வெயில் பிறக்கிறபோது, அதாவது பிள்ளைகள் வந்து இறங்குகிற அன்று, நோட்டுப் புத்தகத்தில் 226. மீதி 274 யூனிட். பதினைந்து பேர், ஏழு நாள். பரீட்சை ஆரம்பம்.

வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில். மூத்த மருமகனுக்காகப் போட்டது, மருமகன் வராத பதினோரு மாதமும் அதன்மேல் துணி போர்த்தியிருக்கும். அந்த ஓர் அறையில் பதினான்கு பேருக்குப் பாய் விரிப்பார்கள். குறுக்கே மூவர், நெடுக்கே எட்டுப் பேர், கட்டிலின்மேல் இருவர், கட்டிலுக்கு அடியில் ஒரு பேரன். அவன் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. பதினைந்தாவது ஆளான பெரியவர் வெளியே வாசற்படியை ஒட்டிப் படுப்பார். வெக்கை அவருக்கு ஒன்றும் செய்யாதாம். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பார்.

"ஏல, எவம்ல கதவத் தெறந்தது? குளிரு பூராவும் வெளிய போவுது!"

"தாத்தா, நீங்கதான் திறந்துட்டு நிக்கிறீங்க."

"நான் தெறந்தது செக் பண்ண."

இந்த வசனம் எதிர்வீட்டில் மாடியில் படுத்திருக்கிற எனக்கு ராத்திரி நாலு தடவை கேட்கும். அந்த ஒரு வாரம் மட்டும் எனக்குத் தூக்க மாத்திரை தேவைப்படுவதில்லை.

பகலில் அவருடைய ஆட்சி வேறு இலாகாக்களுக்குப் பரவுகிறது. முதலாவது, தண்ணீர். மொட்டைமாடி டேங்க் ஆயிரம் லிட்டர். மோட்டார் போட்டால் யூனிட் ஓடும், போடாவிட்டால் பேத்திகள் தலையில் ஷாம்பு நுரையோடு நின்று அழுவார்கள். குளியலறை ஒன்றரை. அரை என்றது கொல்லையில் இருக்கிற, தாழ்ப்பாள் இல்லாதது. உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்கவேண்டும், பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். பாடத் தெரியாத மருமகன்கள் இரண்டு பேரையும் என்ன செய்வது?

"மாப்பிள்ளை, நீங்க ரெண்டுபேரும் எதிர்த்த வீட்டுல போயி நிம்மதியாக் குளிச்சிட்டு வந்திருங்க. அண்ணாச்சி ஒண்ணும் நினைக்கமாட்டாக."

அண்ணாச்சி என்பது நான்தான். நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். பையன் வெளிநாட்டில். அவன் பிள்ளைகளுக்கு அங்கே மே மாதத்தில் பள்ளிக்கூடம் நடக்கும். குளியலறை காலியாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது இலாகா, மாம்பழம். கிளிமூக்கும் செந்தூரமும் பங்கனபள்ளியும் வைக்கோலில் பழுத்துக் கிடக்கும் அறைக்கு ஒரே சாவி, அது அவர் இடுப்பில். பழத்தை அவரேதான் வெட்டுவார். துண்டுகளில் தகராறு வராது, தகராறு கொட்டையில். கொட்டை சப்புகிற உரிமையை வயது வரிசைப்படி சுழற்சியில் விட்டிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. மூன்றாம் நாள் இளைய பேரன் தன் முறையை அக்காளுக்குப் பத்து ரூபாய்க்கு விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டபோது பெரியவர் கண்டிக்கத்தான் எழுந்தார். பிறகு பத்து ரூபாய் நியாயமான விலைதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது இலாகா சமையல். இதில் அவர் அமைச்சர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நிர்வாகம் முழுதும் ஆச்சி கையில். காலையில் எழுபது இட்லி. முறுக்கும் முந்திரிக்கொத்தும் ஏப்ரல் கடைசியிலேயே சுட்டு டின்னில் அடைத்தாகிவிட்டது. ஒருநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஒருநாள் கூட்டாஞ்சோறு. நாலாம் நாள் சொதி. சொதி எங்கள் ஊரில் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு அது. தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே எடுக்கவேண்டும். காயை மூன்றாம் பாலில் வேகவைத்து, பாசிப்பருப்புப் போட்டு, முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்கும் முன் இறக்கவேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. பதினைந்து பேருக்கு எத்தனை தேங்காய் என்று அவர் கணக்குப் போட்டார், துருவியது ஆச்சி. இலை போட்டு, முதல் கரண்டி ஊற்றி, தெரு முழுதும் மணக்க மணக்க எல்லோரும் காத்திருந்தபோது மூத்த பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு முகம் மலர்ந்து சொன்னாள்:

"வாவ், ஆச்சி! வெஜ் ஸ்டூ!"

பெரியவர் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் சொதி வீணாகும். ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. மீட்டரைக்கூட ஒருதரம்தான் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "ஸ்டூன்னா என்ன அண்ணாச்சி, இங்கிலீஷ்காரன் செய்வானே, அதானா?" என்று கேட்டார். அதேதான் என்றேன். "அவனுக்கு மூணாம் பால் எடுக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சத்தியம் செய்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

கிரைண்டர் ஓடும் நேரத்தைக் குறைக்கலாமே என்று அவர் அடுப்படி வாசலில் நின்று ஒரு யோசனை சொன்னதும் அன்றுதான். ஆச்சி திரும்பாமலே பதில் சொன்னது இரண்டு வீட்டுக்கும் கேட்டது: "எனக்கும் ஒரு மீட்டரு மாட்டுங்க. எவ்வளவு ஓடுதுன்னு பாத்துக்கிடுவோம்." அதன்பிறகு கிரைண்டர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

வெளியே கூட்டிப்போவது என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் இந்தத் தாத்தாக்களின் சோகம் தெரியும். எங்கள் ஊரில் எல்லாச் சிறப்பும் சென்னைப் பிள்ளைகள் திரும்பிப் போன பிறகு நடப்பதாகவே அமைந்திருக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுவது தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிய பிறகு, ஜூனில். நெல்லையப்பர் தேர் ஆனியில். மே மாதத்தில் குற்றாலத்துக்குப் போனால் பாறையைப் பார்த்துவிட்டு, "இங்கதாம்ல விழும்" என்று கையைக் காட்டிவிட்டு வரலாம். அதையும் ஒரு வருஷம் செய்தார். ஆகவே இப்போது பாபநாசத்து அகஸ்தியர் அருவிக்கு ஒருநாள் வேன், மற்ற நாளெல்லாம் தாமிரபரணி.

குறுக்குத்துறையில் படித்துறையில் நின்றபடி அவர் 1992 நவம்பர் வெள்ளத்தைச் சொல்லாத வருஷம் கிடையாது. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் மூழ்கியதை விரலால் அளந்து காட்டுவார். கதையில் வருஷத்துக்கு அரை அடி தண்ணீர் ஏறும். நான் பக்கத்தில் இருந்து கேட்ட முதல் எட்டு வருஷத்தில் நாலு அடி ஏறியது. ஆனால் 2023 டிசம்பரில் அதே ஆறு மறுபடி பொங்கி, அதே கோயிலை மூழ்கடித்துவிட்டது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதைச் சென்னையில் இருந்தே செல்போனில் பார்த்துவிட்டார்கள். "தாத்தா, வீடியோ இருக்கா?" என்று கேட்கிறார்கள். 1992-க்கு வீடியோ இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது.

ஆனாலும் ஆறு அவரைக் கைவிடவில்லை. தண்ணீரில் காலை விட்டதும் மீன்குஞ்சுகள் வந்து கடித்தன. இரண்டு பேர் அலறினார்கள். நடுப்பேத்தி மட்டும் அசையாமல் உட்கார்ந்து, "தாத்தா, மால்ல இதுக்குக் காசு வாங்குவாங்க, தெரியுமா? ஃபிஷ் ஸ்பா. ஒரு ஆளுக்கு முந்நூறு ரூபா" என்றாள். பெரியவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். அலறிய இருவரையும் பிடித்து மறுபடி தண்ணீரில் உட்காரவைத்தார். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னைக்கு ஆத்துல மட்டும் ரெண்டாயிரத்து நூறு ரூவா மிச்சம் அண்ணாச்சி." மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். வாரக் கடைசியில் அவர் கணக்குப்படி தாமிரபரணி அவருக்கு ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் கொடுத்திருந்தது.

எங்கே போனாலும் தலை எண்ணுவது அவர் வழக்கம். வீட்டு வாசலில் ஒருமுறை, தெருமுனையில் ஒருமுறை, போன இடத்தில் இருமுறை. ஆறாம் நாள் சாயங்காலம் ஏழு பேரையும் இருட்டுக்கடை வரிசைக்குக் கூட்டிப்போனார். சாயந்தரம் மட்டும் திறந்து கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும் அல்வாவுக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே தினமும் கூட்டம். போகும்போது எண்ணினார், ஏழு. வரிசையில் எண்ணினார், ஏழு. திரும்பி வந்து தெருமுனையில் விளக்குக் கம்பத்தடியில் எண்ணினார், ஏழு. நிம்மதியாக வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். ஆச்சிதான் கேட்டாள்: "இந்தப் பையன் யாரு?"

பூக்காரம்மாவின் மகன். அல்வா கையோடு ஒரு கூட்டம் போகிறதே என்று நம்பிக்கையாகச் சேர்ந்து வந்திருக்கிறான். சரி, அவன் கூடுதல் என்றால், குறைந்தது யார்? கொட்டை விற்ற இளைய பேரன். கணக்குப் படித்தவர்கள் இதை ஈடுசெய் பிழை என்பார்கள். இந்தப் பக்கம் ஒரு தப்பும் அந்தப் பக்கம் ஒரு தப்பும் சேர்ந்து மொத்தம் அழகாகச் சரியாக வந்துவிடும். இருப்பாய்வில் பிடிபடவே பிடிபடாது. ஆச்சியிடம் பிடிபட்டது. பெரியவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார், பின்னால் நானும் ஓடினேன். பையன் கடைவாசலை விட்டு அசையவில்லை. யாரோ வாங்கிக் கொடுத்த அல்வாவைத் தின்று முடித்து, இலையை வழித்துக்கொண்டிருந்தான். "தாத்தா வருவாங்கன்னு தெரியும். எண்ணுவாங்கல்ல?" என்றான். பெரியவர் அவனைத் தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பையன், நல்ல கனம். வீடு வரைக்கும் இறக்கிவிடவில்லை, வழியில் எங்கேயும் எண்ணவுமில்லை.

ஏழாம் நாள் ராத்திரி ரயில். வரும்போது பதின்மூன்று பேரும் ஒன்பது பெட்டியும், போகும்போது பதின்மூன்று பேரும் இருபத்திரண்டு உருப்படியும். கூழ் வடகம், மோர் மிளகாய், மாம்பழப் பெட்டி, முறுக்கு டின், அல்வா, ஒரு பேரன் செய்யச் சொல்லி வாங்கிய நுங்கு வண்டி. ஒருநாள்தான் உருட்டினான், ஆனாலும் சென்னைக்கு எடுத்துப்போகவேண்டுமாம். பெரியவர் உருப்படிகளுக்கு நம்பர் போட்டிருந்தார். வண்டி நகர்ந்த பிறகு வீட்டுக்கு வந்து நேரே மீட்டர் பெட்டிக்குப் போனார். 497.

ஜெயித்துவிட்டார். ரீடிங் எடுக்கிறவர் வர இன்னும் ஆறு நாள். வீட்டில் இரண்டே பேர். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, பழையபடி பனைவிசிறியோடு உட்கார்ந்தால் ஐந்நூறு ஐந்நூறாகவே நிற்கக்கூடும். நான் மனதுக்குள் கைதட்டினேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு எதிர்வீட்டு அறையில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது. பாய்களைச் சுருட்டவில்லை என்பது திறந்திருந்த கூடத்து வாசல் வழியாகத் தெரிந்தது. மறுநாளும் ஓடியது. மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன்.

"என்னவே, ஏசி ஓடுது?"

"பழகிட்டு அண்ணாச்சி" என்றார்.

ரீடிங் எடுக்கிறவர் வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போனார். 541 யூனிட். பெரியவர் தலையில் கைவைத்து உட்கார்வார், ஆறுதல் சொல்லலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார். அட்டை கையில். மளிகைக்கடையில் காட்டினார். இஸ்திரி வண்டியில் காட்டினார். பூக்காரம்மாவிடம் காட்டினார். "பாத்தீயளா? ஐநூத்தி நாப்பத்தொண்ணு! இந்த வெயிலுக்கு, பதினஞ்சு பேரு இருந்தா ஆகத்தானே செய்யும்?" மூன்று வீடு தள்ளி இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார், பேரப்பிள்ளைகள் இந்த வருஷம் ஊட்டிக்குப் போய்விட்டவர், தன் அட்டையில் 188 என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்து, "அடுத்த வருஷம் வருவாக" என்றார்.

பிறகு என் வீட்டுக்கு வந்து, "உங்களுக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அட்டையை எடுத்துக் காட்டினேன். 94. போன தடவை 81. கூடின 13 யூனிட் அவருடைய மருமகன்கள் இரண்டு பேரும் ஏழு நாள் குளித்த மோட்டார்க் கணக்கு. கட்டவேண்டிய தொகை பூஜ்யம்.